கார் ஷெட்டிலிருந்து காஸ்பல் மேடைக்கு

கேள்வி: பத்து வருடமாக நண்பர்களோடு கராஜ் ராக் (கார் ஷெட்டில் கூடி வாசிக்கும் முரட்டு ராக்) குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். இப்போது ஒரு காஸ்பல் (கிறிஸ்தவ பக்தி இசை) பாடகர் குழு கூப்பிடுகிறது. போனால் இதுவரை வாசித்ததையெல்லாம் விட வேண்டியிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீங்களும் அந்த வழியாக வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

பதில்: போங்கள். கிடாரோடு போங்கள்.

எனக்கும் இதே பயம் இருந்தது. எங்கள் குழுவில் நாங்கள் நான்கு பேர். காரை வெளியே நிறுத்திவிட்டு டிரம்ஸ் செட்டை ஷெட்டுக்குள் இழுப்போம். ஈ, ஏ, டி என்று மூன்றே கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. விரலால் அழுத்தாத திறந்த தந்திகளே பாதி வேலையைச் செய்துவிடும். ஆம்ப் (கிடாரின் ஒலிபெருக்கி) முழு சத்தத்தில் இருக்கும். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினால்தான் அவன் குரல் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்ற சந்தோஷத்தை இன்றும் நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பாடகர் குழுவின் முதல் ஒத்திகையில் ஆர்கன் வாசிக்கும் அம்மா “ஏ ஃபிளாட்” என்று பாட்டின் ஸ்கேலைச் சொன்னார். அந்த ஸ்கேலில் ஜி தவிர கிடாரின் திறந்த தந்தி எதுவும் இல்லை. அடுத்த பாட்டு டி ஃபிளாட். அதில் அந்த ஜியும் கிடையாது. ஒரு மணி நேரம், ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பாரே கார்டாகவே பிடித்ததில் கட்டைவிரலுக்கு அடியில் சுளீரென்று வலி. தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் பாட்டு நடுவில் அரை ஸ்வரம் மேலே ஏறும்போது கேப்போ கைகொடுக்காது. அதனால் இப்போதே அந்த இரண்டு ஸ்கேலிலும் தினம் கொஞ்சம் பழகுங்கள்.

விரல் வலி ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது வேம்ப்தான். பாட்டின் கடைசியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். பாடகி அதன்மேல் நினைத்ததை நினைத்தபடி பாடிக்கொண்டே போவார். எத்தனை தடவை என்று தாளில் இருக்காது. நான் எட்டு வரை எண்ணி, எங்கள் பழைய பழக்கப்படி முடிவை ஓங்கி அடித்தேன். மற்ற எல்லோரும் ஒன்பதாவது தடவைக்குள் போய்விட்டார்கள். அந்த அம்மா கையை நிறுத்தாமல், “எண்ணாதீங்க தம்பி, அவ மூச்சைப் பாருங்க” என்றார். எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே பெரியது அது. ராக்கில் என் சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்றே வாசித்தேன். இங்கே பாடுகிறவர் மூச்சு இழுப்பதைக் கேட்கும் அளவுக்கு நான் இறங்கி வாசிக்க வேண்டியிருந்தது. இது கைவர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மற்றபடி உங்களிடம் இருப்பது அங்கேயும் சொந்தச் சரக்குதான். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டிலும் நான்கிலும் விழும் அடி உங்களுக்குப் பழகியது. அங்கே அது கைதட்டலாக வரும். காஸ்பலின் தந்தை என்று சொல்லப்படும் தாமஸ் டார்சி, ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பியானோ வாசித்தவர். 1932இல் பிரசவத்தில் மனைவியும், உடனே குழந்தையும் இறந்த துக்கத்தில் அவர் எழுதிய பாட்டை இன்றும் பாடுகிறார்கள். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1964இல் மான்செஸ்டரில் ஒரு பழைய ரயில் நிலையத்தில், மழை நாளில், எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு காஸ்பல் பாடிய காட்சியைத் தேடிப் பாருங்கள். நம் ராக் கிடார் யாரிடமிருந்து வந்தது என்று தெரியும்.

கேள்வி: மார்க்கெட் போன பிறகுதான் ராக் பாடகர்கள் காஸ்பல் பக்கம் போகிறார்கள் என்கிறார்களே?

பதில்: ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் 1957இல் ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோதே ராக்கை விட்டார். அலபாமாவில் இறையியல் படித்தார், காஸ்பல் பாடினார், 1962இல் மறுபடி ராக்குக்கு வந்தார். லாரி நார்மன் பாடிய பீப்பிள்! குழு கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயைச் சேர்ந்தது. 1968இல் அவர்களுடைய பாட்டு ஒன்று அமெரிக்கப் பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது. அதே வருடம்தான் அவர் குழுவை விட்டு வெளியேறினார். அடுத்த வருடம் வந்த அவரது பக்தி ராக் இசைத்தட்டை ராக் ரசிகர்களும் பெரிதாக வாங்கவில்லை, பல தேவாலயங்களும் ஏற்கவில்லை. 2001இல் காஸ்பல் இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தவரை மார்க்கெட் தேடிப் போனவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: காஸ்பலே கேட்டதில்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: எட்வின் ஹாக்கின்ஸ் குழுவின் ‘ஓ ஹாப்பி டே’. 1967இல் பெர்க்லியில் ஒரு தேவாலயத்தில், வெறும் இரண்டு டிராக் (ஒலித்தடம்) மட்டுமே உள்ள பதிவுக் கருவியில் இளைஞர் பாடகர் குழு ஒன்று பதிவு செய்தது. குழுவுக்குப் பணம் திரட்டத் தாங்களே விற்கப் போட்ட தட்டு அது. 1969இல் உலகம் முழுக்க ஒலித்தது. 1963இல் கராஜ் ராக் பாட்டான ‘லூயி லூயி’யை போர்ட்லாந்தில் சில பையன்கள் சொற்பச் செலவில் பதிவு செய்ததும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். இரண்டிலும் அந்த இடத்தின் எதிரொலி அப்படியே கேட்கும். முதல் தடவை முழுப் பாட்டையும் கேளுங்கள். அப்புறம் இன்னொரு தடவை போட்டு, பாடுகிறவர்களை விட்டுவிட்டு, பியானோ எங்கே ஒதுங்கி வழிவிடுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.