ஏமன்: மத்ஹபும் அந்நியர் கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் ஏமன் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. ஒரு சாரார், ‘இது ஷியா – சுன்னி சண்டை, 1,400 வருஷப் பகை, வடக்கு ஏமனின் ஆயுத இயக்கமான ஹூதிகளை ஏவிவிட்டது ஈரான்’ என்கிறார்கள். மறுசாரார், ‘முஸ்லிம்களுக்குள் பிரிவினையே கிடையாது, எல்லாம் அமெரிக்காவும் பிரிட்டனும் மூட்டிவிட்டது’ என்கிறார்கள். நாங்கள் ஷாபிகள், அதாவது சுன்னிகளின் மத்ஹபுகளில் (மார்க்கச் சட்ட மரபுகளில்) ஒன்றைச் சேர்ந்தவர்கள். ஏமன் கரையோரமும் ஷாபி என்று கேள்வி, அதனால் எங்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. இரண்டில் எது சரி? சவூதியும் ஈரானும் 2023இல் சமாதானம் ஆன பிறகும் இது ஏன் முடியவில்லை?

ஒரு வாசகர், காயல்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு தரப்பு வாதத்திலும் ஏமன்காரர் என்று ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒன்றில் ஈரான் ஆட்டுவிக்கிறது, மற்றதில் அமெரிக்கா. மூன்று கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டில் எவருக்கும் சொந்தக் கணக்கோ ஆசையோ கோபமோ இல்லாததுபோல் இரு தரப்பும் பேசுகின்றன. எனக்கு இதில்தான் பெரிய மனத்தாங்கல்.

1,400 வருஷப் பகை என்கிறவர்களுக்கு 1962ஐ எடுத்துச் சொல்லுங்கள். அந்த வருஷம் செப்டம்பர் 26 அன்று அப்துல்லா அல்-சல்லால் தலைமையில் ராணுவ அதிகாரிகள் தலைநகர் சனாவில், மன்னராகவும் மதத் தலைவராகவும் இருந்த இமாமின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பட்டத்துக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த இமாம் முஹம்மது அல்-பத்ர் வடக்கு மலைகளுக்குத் தப்பினார். அவர் ஜைதி, அதாவது ஏமனின் வடக்கு மலைகளில் வேரூன்றிய ஷியா பிரிவைச் சேர்ந்தவர். அவருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சவூதி அரேபியா! குடியரசுக்காரர்கள் பக்கம் நின்றது நாசரின் எகிப்து. உச்சக்கட்டத்தில் சுமார் 70,000 எகிப்தியப் படையினர் ஏமனில் இருந்தார்கள். சல்லாலும் ஜைதிதான். ஆக, ஷியா இமாமுக்காக சுன்னி எகிப்துடன் சவூதி மல்லுக்கு நின்றது. 2015இல் அதே வடக்கு மலைகளில் ஜைதிகள் தலைமையிலான இயக்கத்தின் மீது அதே சவூதி குண்டு போட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த மலைகளின் மத்ஹப் மாறவில்லை. ரியாத் யாரைக் கண்டு பயந்தது என்பதுதான் மாறியது.

ஜைதிகளை ஈரானின் பன்னிரு இமாம் ஷியாக்களோடு சேர்த்துக் கட்டுவதும் தவறு. மறைந்திருக்கும் இமாம் வருவார் என்ற நம்பிக்கை ஜைதிகளிடம் இல்லை. ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) அவர்கள் சுன்னிகளுக்கு மிக நெருக்கம். தொழுகையில் ஷாபி கையைக் கட்டி நிற்பார், ஜைதி கையைத் தொங்கவிட்டு நிற்பார். ஜைதி பாங்கில் (தொழுகை அழைப்பில்) ‘ஹய்ய அலா கைரில் அமல்’ என்று ஒரு வாசகம் கூடுதலாக வரும். இவ்வளவு வித்தியாசத்தோடும் ஒரே பள்ளிவாசலில், ஒரே இமாமுக்குப் பின்னால் இரு சாராரும் வரிசை கட்டித் தொழுதிருக்கிறார்கள். கொள்வினை கொடுப்பினையும் இருந்தது. ஜைதி உலகத்துக்குள் கூர்மையாக இருந்த கோடு வேறு: நபியின் வழிவந்த செய்யிதுகள் ஒரு பக்கம், கபீலாக்காரர்கள் (பழங்குடியினர்) மறுபக்கம். 897 தொடங்கி 1962 வரை, இடைவெளிகளோடு, இமாம் பதவி செய்யிதுகளிடமே இருந்தது.

அடுத்து, பிரிவினையே கிடையாது என்கிறவர்கள். அவர்களுக்கு தம்மாஜ் என்ற சிற்றூரைக் காட்டுங்கள். ஜைதிகளின் இதயமான சாதா மாகாணத்தில், 1970களின் கடைசியில், முக்பில் அல்-வாதியீ என்பவர் சவூதியில் படித்துவிட்டு வந்து தாருல் ஹதீஸ் என்ற சலபி (கடும் தூய்மைவாத சுன்னி) மத்ரஸாவைத் தொடங்கினார். அவர் பிறந்ததே அந்த மாகாணத்து ஜைதிக் குடும்பத்தில். சவூதிப் பணம் வந்தது, பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். ஜைதிகளின் கப்றுகளையும் (அடக்கத்தலங்களையும்) சடங்குகளையும் ஷிர்க் (இணைவைப்பு) என்று சாடிய பேச்சு அவர்கள் வாசலிலேயே கேட்டது. அதற்கு எதிர்வினையாக 1990களின் தொடக்கத்தில் ஜைதி இளைஞர்களுக்குக் கோடை வகுப்பு நடத்திய ‘நம்பிக்கையுள்ள இளைஞர்கள்’ என்ற அமைப்பு பிறந்தது. அதிலிருந்து வளர்ந்ததே ஹூதி இயக்கம். வெளிப்பணம் வந்தது உண்மை, பிளவைச் சுமந்ததும் வளர்த்ததும் உள்ளூர்க்காரர்கள் என்பதும் உண்மை. அப்போது ஜனாதிபதியாக இருந்த அலி அப்துல்லா சாலிஹ் பிறப்பால் ஜைதி. செல்வாக்கைச் சமன்செய்ய இரு தரப்பையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொடுத்தவர், 2004 முதல் 2010 வரை ஹூதிகள் மீது ஆறு சுற்றுப் போர் நடத்தினார். பதவி இழந்த பிறகு, 2014இல் அதே ஹூதிகளோடு கைகோத்தார். 2017 டிசம்பர் 4 அன்று அவர்கள் கையாலேயே செத்தார். இதில் எந்த மத்ஹப் எந்த மத்ஹபோடு போர் புரிந்தது?

2014இல் ஹூதிகள் தலைநகருக்குள் எப்படி நுழைந்தார்கள் என்பதைச் செய்திகள் அநேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. இரண்டு விஷயங்கள் கதவைத் திறந்துவிட்டன. பிப்ரவரியில் நாட்டை ஆறு மாநிலங்களாகப் பிரிக்கும் வரைபடம் வந்தது. சாதாவை சனா, அம்ரான், தமார் ஆகியவற்றோடு சேர்த்து ‘அஸால்’ ஆக்கினார்கள். ஹஜ்ஜா கடற்கரை திஹாமா மாநிலத்துக்குப் போனது, மஃரிபின் எண்ணெய் சபா மாநிலத்துக்குப் போனது. கடலும் இல்லை, எண்ணெயும் இல்லை என்றால் வடக்கு மலைக்காரர் எப்படிச் சம்மதிப்பார்? அடுத்து, ஜூலை கடைசியில் அரசு எரிபொருள் மானியத்தை ஒரே இரவில் வெட்டியது. பெட்ரோல் லிட்டர் 125 ரியாலிலிருந்து 200 ஆனது, டீசல் 100இலிருந்து 195. டீசல் பம்பை நம்பி விவசாயம் செய்கிற நாடு அது. ஹூதிகள் சனாவை நிறைத்தது விலையைக் குறை என்ற கோஷத்தோடு. செப்டம்பர் 21 அன்று நகரம் அவர்கள் கையில். சாலிஹுக்கு விசுவாசமான படைகள் ஒதுங்கி நின்று வழிவிட்டன.

சாலிஹுக்குப் பின் வந்த ஜனாதிபதி ஹாதியின் அரசை மீட்கிறோம் என்று சொல்லி, 2015 மார்ச் 26 அன்று சவூதி தலைமையிலான கூட்டணி வானிலிருந்து தாக்கத் தொடங்கியது. அமெரிக்கா 2018 நவம்பர் வரை அந்த விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்பியது. குண்டுகளை அமெரிக்காவும் பிரிட்டனும் விற்றன. ஈரான் ஏவுகணைப் பாகங்களையும் தொழில்நுட்பத்தையும் கடத்திக் கொடுத்தது. இவர்களில் யாருக்கும் மன்னிப்பு கிடையாது. ஆனால் ஈரான் ஹூதிகளை உருவாக்கவில்லை. உருவாகி நின்ற இயக்கத்துக்குக் குறைந்த செலவில் கைகொடுத்து, சவூதிக்குப் பெரிய செலவு வைத்தது.

சாவின் பெரும்பகுதி குண்டால் வரவில்லை என்பதை உங்கள் குழுமத்தில் அவசியம் சொல்லுங்கள். 2021 கடைசி வரை 3,77,000 பேர் மாண்டிருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அதில் சுமார் 60 சதவீதம் பசி, நோய், சிகிச்சையின்மை போன்ற மறைமுகக் காரணங்களால். அது எப்படி நடந்தது?

ஏமன் தின்னும் கோதுமையில் ஏறக்குறைய 90 சதவீதம் கப்பலில் வருவது. பெரும்பகுதி இறங்கும் துறைமுகம், ஹூதிகள் வசமிருந்த ஹுதைதா. 2015 ஆகஸ்டில் கூட்டணி விமானங்கள் அங்கிருந்த பளுதூக்கிகளை அடித்தன. அதன் பிறகு கப்பல் தன்னுடைய சொந்தப் பளுதூக்கியால்தான் இறக்கியாக வேண்டும். ஓரிரு நாளில் முடிகிற வேலை வாரக்கணக்கில் இழுத்தது. 2016 மே முதல் வணிகக் கப்பலுக்கு இரட்டைச் சோதனை. ஜிபூத்தியில் உள்ள ஐ.நா. அலுவலகத்துக்குப் பத்திரங்களை அனுப்பி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது கிடைத்த பிறகும் கூட்டணி தன் பங்குக்குக் கடலில் நிறுத்தி வைக்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம், போர் அபாயக் காப்பீடு வேறு. இரண்டும் மாவு மூட்டை விலையில் ஏறும். சரக்கு இறங்கிய பிறகும் தப்பில்லை. தெற்குத் துறைமுகங்களில் இறங்கித் தரைவழி வரும் பொருளுக்கு ஹூதிகள் உள்நாட்டுச் சுங்கச்சாவடி போட்டு இரண்டாம் முறை தீர்வை வாங்கினார்கள்.

மத்திய வங்கி விஷயம் இதைவிட மோசம். போரின் முதல் பதினெட்டு மாதம் சனாவில் இருந்த மத்திய வங்கி இரு பக்க ஊழியர்களுக்கும் சம்பளம் போட்டது. கோதுமை, அரிசி இறக்குமதிக்கு டாலர் கொடுத்தது. கையிருப்பை ஹூதிகள் போருக்குக் கரைக்கிறார்கள் என்று குற்றம்சாட்டி, 2016 செப்டம்பரில் ஜனாதிபதி ஹாதி அதைத் தன் அரசின் கையில் இருந்த தெற்குத் துறைமுக நகரான ஏடனுக்கு மாற்றினார். ஏடனில் போதுமான ஆட்களும் இல்லை, கணக்கேடுகளும் இல்லை. சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் நின்றது. ஆசிரியர், தாதி, குப்பை அள்ளுபவர், குடிநீர்ப் பணியாளர் எல்லாரும் அதில் அடக்கம். மறு ஏப்ரலில் சனாவில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கழிவுநீர் நிலையம் ஏற்கெனவே மின்சாரமின்றிக் கிடந்தது. மழை பெய்தது; காலரா கிளம்பியது. அந்த வருஷம் முடிவதற்குள் சந்தேகத்துக்குரிய நோயாளிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது.

ஏடன் வங்கி ரஷ்யாவில் அச்சடித்த புது நோட்டுகளை இறக்கியது. 2019 டிசம்பரில் ஹூதிகள் அவற்றைத் தடைசெய்தார்கள். ஒரு நாட்டில் இரண்டு ரியால்! போருக்கு முன் டாலருக்கு 215. 2021 ஜூலையில் ஏடனில் 1,000ஐத் தாண்டியபோது சனாவில் சுமார் 600. ஏடனில் கூலிவேலை செய்பவர் சனாவில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்பினால், தொகையில் கணிசமான பங்கு மாற்றுக் கட்டணமாகவே போய்விடும். மதத்தின் பேராலும் வசூல் நடந்தது. 2020இல் ஹூதிகள் ஜகாத் (மார்க்கம் விதித்த கட்டாயக் கொடை) விதிகளைத் திருத்தி, கனிமம், மீன், தேன் போன்றவற்றில் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கலாம் என்றும், அதில் நபி வம்சத்தாருக்குப் பங்கு உண்டு என்றும் ஆக்கினார்கள். இதில் கொதித்தவர்களில் ஜைதிக் கபீலாக்காரர்களும் உண்டு. நான் மேலே சொன்ன பழைய கோடு இதுதான்.

சுன்னிகள் மட்டுமே இருந்திருந்தால் சண்டை வந்திராது என்று யாராவது சொன்னால் ஏடனைப் பார்க்கச் சொல்லுங்கள். 2019 ஆகஸ்டில் எமிரேட்ஸ் ஆதரவு பெற்ற தெற்குப் பிரிவினைவாதிகள், சவூதி ஆதரவு பெற்ற அரசை ஏடனிலிருந்து விரட்டினார்கள். இரு பக்கமும் பெரும்பாலும் உங்கள் மத்ஹபுக்காரர்கள்தான், ஷாபிகள்.

இனி 2023. மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சவூதியும் ஈரானும் ஒப்பந்தம் போட்டன. அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில் தொடங்கிய போர்நிறுத்தம் அக்டோபர் 2 அன்று புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தது. முட்டுக்கட்டை போட்டது சம்பளப் பட்டியல். தங்கள் படையினர் உட்பட எல்லாருக்கும் எண்ணெய் வருமானத்திலிருந்து சம்பளம் வேண்டும் என்றார்கள் ஹூதிகள். அதே மாதம் கிழக்கு மாகாணமான ஹள்ரமவ்த்தின் அள்-ளப்பா எண்ணெய் முனையத்தை ட்ரோனால் அடித்தார்கள். ஏற்றுமதி நின்றது, ஏடன் அரசின் பெட்டி காலியானது. 2024இல் ஏடன் மத்திய வங்கி, சனாவில் உள்ள வங்கிகள் தலைமையகத்தை ஏடனுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஹூதிகள் மிரட்டியது ஏடனை அல்ல, சவூதியை. அதன் விமான நிலையங்களையும் துறைமுகங்களையும் அடிப்போம் என்றார்கள். ஜூலை 23 அன்று ஐ.நா. தூதர் அறிவித்த உடன்பாட்டில் ஏடன் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. வங்கி எங்கே இருப்பது, சம்பளத்தை யார் போடுவது என்ற இரண்டும் தீராமல் அப்படியே நின்றன. தெஹ்ரானும் ரியாத்தும் கட்டித் தழுவினாலும் இந்த இரண்டில் ஏமன்காரர்களே கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்