வாங்குமுன் ஒரு கேள்வி: முதல் கம்பியூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டுகிறவர்களுக்கு

போட்டோ, வீடியோ, டிசைன் வேலைக்குக் கம்பியூட்டர் பூட்டுவது பற்றி இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைப் பெயர்களை வெட்டிவிட்டேன். சிலர் கடைக்காரரின் பரம்பரை வரைக்கும் எழுதியிருந்தார்கள், அதையும் வெட்டிவிட்டேன்.

கல்யாண வீடியோ எடுக்கிறேன். இதுவரை நண்பரின் ஸ்டூடியோவில் எடிட் செய்தேன். இப்போது கையில் மூன்றரை லட்சம் ரூபா இருக்கிறது. கடையில் எழுதித் தந்த பட்டியல்: 13ஆம் தலைமுறை ஐ9 புரொசசர், 8 ஜீ.பி. ரேம், 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி., வர்ண விளக்குள்ள கண்ணாடிக் கேசிங். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். சரியா?
– எஸ்., ஹட்டன்

மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்துவிட்டுச் செருப்புக்குக் காசில்லாமல் நிற்கிற கதை. ஐ9ஐ விடுங்கள். 13, 14ஆம் தலைமுறைகளின் பெரிய புரொசசர்களில் வோல்ட்டேஜ் கோளாறு வந்து, 2024இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டு வொரன்டியையும் 2 வருடம் நீட்டிக் கொடுத்தது. அந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு? ஒரு நல்ல ஐ5 போதும். மிஞ்சும் காசை ரேமுக்குக் கொடுங்கள். 8 ஜீ.பி.யில் பாதியை விண்டோஸே தின்றுவிடும். 32 ஜீ.பி. போடுங்கள், அதுவும் ஒரே குச்சியாக இல்லாமல் 16, 16 என்று இரண்டு குச்சி. இரண்டு இருந்தால்தான் இரு வழியாகத் தரவு ஓடும்.

256 ஜீ.பி. ஒரு கல்யாணத்துக்கே காணாது. 1 டி.பி. என்.வி.எம்.ஈ. (வேகமான வகை எஸ்.எஸ்.டி.) ஒன்று, விண்டோஸுக்கும் கையிலிருக்கும் வேலைக்கும். முடிந்த கல்யாணங்கள் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும், இரண்டு பிரதியாக.

அப்புறம் நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும்: உங்கள் கமரா எந்த வகையில் பதிவு செய்கிறது? எச்.265, 10 பிட், 4:2:2 என்று இருந்தால், பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் அதைத் தடங்கலில்லாமல் ஓட்ட இன்டெல் புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான் பெரிய உதவி. என்விடியாவில் 50 வரிசைக்கு முந்திய கார்டுகள் இந்த வகையை விரித்துத் தராது. ஆகவே ஐ5இல் 12400 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 12400எஃப் வேண்டாம். கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து நின்றால் உள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கொஞ்சம் மலிவு, அதனால் கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். 'எஃப்' இல்லாததை வாங்கினால் கார்டைப் பிறகு பூட்டலாம் என்று அவர்கள் சொன்னதும் சரியாகிவிடும். தற்செயலாக ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நுவரெலியாவில் இருக்கிறேன். புரொசசருக்குத் தண்ணீர் கூலர் போடுவது நல்லதா?
– ஆர்., நுவரெலியா

1,868 மீற்றர் உயரத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதிய கடிதம் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரே கூலர்தான். சாதாரண விசிறி போதும்.

டி.டி.ஆர். 5 மதர்போட் வாங்கிவிட்டேன். மச்சான் கொடுத்த டி.டி.ஆர். 4 ரேம் கையில் இருக்கிறது. வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அரத்தால் ராவிப் போடலாமா?
– வி., கினிகத்தேனை

ராவாதீர்கள்.

தெரிந்த கடையில் கேசிங் வாங்கினால் 500 வாட் பவர் சப்ளை இனாம் என்கிறார்கள். தனியாக வாங்கச் சொல்லி நண்பன் பிடிவாதம் பிடிக்கிறான். அது வெறும் கரண்ட் கொடுக்கிற பெட்டிதானே? ஆர்.டி.எக்ஸ். 3060 போட எண்ணம்.
– கே., தலவாக்கலை

நண்பனை விட்டுவிடாதீர்கள். மற்றவர்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள், இது நீளும்.

2013இல் நானே பூட்டிய முதல் கம்பியூட்டரில் கேசிங்கோடு வந்த ஓர் இனாம் பெட்டி இருந்தது. அதுவும் 500 வாட்தான். ஐப்பசி மாதம், பின்னேரம், மழை. கரண்ட் போனது, வந்தது, திரும்பவும் போனது. மறுபடி வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாடை. பவர் சப்ளை தனியாகச் சாகவில்லை, மதர்போட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த டிஸ்க்கில் பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் சடங்குப் படங்கள் இருந்தன. வேறு பிரதி இல்லை. போய்ச் சொன்னேன். அந்த அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை, இஸ்தோப்பில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பிறகுதான் வாசித்தேன். நீங்கள் முதலிலேயே வாசியுங்கள். 12 வோல்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், அதன்கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என்னுடையதில் 18. 12ஆல் பெருக்கினால் 216 வாட். வெளியில் கொட்டை எழுத்தில் 500! புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டில்தான். 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும், 12400 முழு வேகத்தில் 117 வரை போகும். கூட்டிப் பாருங்கள், 287. இனாம் பெட்டி எங்கே நிற்கும்? அந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை போடச் சொல்லி என்விடியாவே சொல்கிறது. பெயருள்ள கம்பெனிப் பெட்டியாக, சில வருட வொரன்டியோடு வாங்குங்கள். '80 பிளஸ்' முத்திரை நல்லதுதான், ஆனால் அது எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கு அது சான்று ஆகாது. மலிவுப் பெட்டிகளில் அந்த முத்திரையே பொய்யாக ஒட்டியிருப்பதும் உண்டு.

பவர் சப்ளை மட்டும் நல்லதாக இருந்தும் போதாது. எங்கள் பக்கத்து லயங்களில் பல காம்பராக்களில் 'எர்த்' ஒழுங்காக இல்லை. மூன்று முள் பிளக்கை எர்த் இல்லாத மல்ட்டி பிளக்கில் சொருகி ஓட்டுகிறார்கள். கேசிங்கைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் கிட்டத்தட்டப் பாதி அந்தத் தகரத்தில் நிற்பதால்தான் அது. மின்சாரம் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தையும் டிரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கூலியையும் கம்பியூட்டர்ச் செலவில் சேர்த்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கட்டாயம் உண்டு. இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். பழைய செப்புக் கம்பி டெலிபோன் இணைப்பில் இன்டர்நெட் எடுப்பவர்கள் அந்த வயரையும் கழற்றுங்கள். கரண்ட் வயரை மட்டும் கழற்றிவிட்டு ரவுட்டர் வழியாக இடி வாங்கிய இருவரை எனக்குத் தெரியும்.

யூ.பி.எஸ். வாங்கும்போது 650 வீ.ஏ. என்றால் 650 வாட் என்று எண்ண வேண்டாம். சின்ன எழுத்தில் வாட் தனியாகப் போட்டிருக்கும், பெரும்பாலும் 360, 390 அளவில். செய்த வேலையைச் சேமித்து அணைக்கிற சில நிமிடத்துக்குத்தான் அது.

அம்மா கொழுந்தெடுத்துச் சேர்ந்த ஈ.பி.எஃப். காசில் டிசைன் வேலைக்குக் கம்பியூட்டர் வாங்கினோம், 185,000 ரூபா. "ஐ7, 16 ஜீ.பி., 4 ஜீ.பி. கிராபிக்ஸ், புத்தம் புதுசு, எடிட்டிங் மெஷின்" என்று பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். போட்டோஷொப்பில் கொஞ்சம் பெரிய படம் திறந்தாலே உறைகிறது. விண்டோஸ் 11 ஏறவில்லை. வகுப்பில் பார்த்தவர் ஐ7-2600, ஜீ.டி. 730 என்கிறார். பில்லில் "ஐ7 கம்பியூட்டர் – 1" என்று மட்டும் இருக்கிறது. வாங்கி இரண்டு மாதம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என் தப்புத்தானா?
– ஒரு வாசகி, பண்டாரவளை

இல்லை தங்கச்சி, உங்கள் தப்பு எதுவுமில்லை. ஐ7 என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதே பெயர், பேரனுக்கும் அதே பெயர். அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் வயதைச் சொல்லும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, வெளிவந்தது 2011இல். 12ஆம் தலைமுறையின் சின்ன ஐ3கூட அதை இலேசாக முந்திவிடும். ஜீ.டி. 730 கார்டு 2014ஆம் ஆண்டுச் சரக்கு. அதிலுள்ள 4 ஜீ.பி. பலகையில் எழுதிக் காட்டத்தான் உதவும். விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இத்தனையும் விற்றவருக்குத் தெரியும். தெரிந்துதான் 'ஐ7' என்பதோடு நிறுத்தினார்.

இன்றைக்கே தொடங்குங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் 'பெர்ஃபோமன்ஸ்' என்ற பக்கத்தில் புரொசசர், கிராபிக்ஸ் இரண்டின் பெயரும் வரும், போனில் படமெடுங்கள். பேஸ்புக் விளம்பரம் இன்னும் இருந்தால் அதையும் உடனே படமாகப் பிடித்து வையுங்கள், நாளைக்கு அது மறைந்துவிடலாம். பிறகு அண்ணனையோ தோட்டத் தலைவரையோ கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், முழுக் காசையும் திருப்பிக் கேளுங்கள். "இன்னும் 40,000 போடுங்கள், வேறு தருகிறேன்" என்பார்கள். வேண்டாம். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. வாங்குபவரை ஏமாற்றும்படி நடப்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம். சபையின் 1977 இலக்கத்துக்குப் போன் எடுத்து எங்கே அனுப்புவது என்று கேளுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில் போடுங்கள், எல்லாவற்றிலும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோ குறைந்தால் எப்படிக் கேட்பது என்று நம் இருவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மற்றவர்களுக்கு: பில்லில் புரொசசரின் முழு இலக்கம், ரேமின் வகை, கார்டின் பெயர், பவர் சப்ளையின் கம்பெனி, ஒவ்வொன்றின் வொரன்டிக் காலம், இத்தனையும் எழுதாத கடையில் காசை எடுக்காதீர்கள்.

ஒன்லைனில் பழைய ஜீ.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு பார்த்து, முகம் தெரியாதவருக்கு முழுக்காசும் பேங்கில் போட்டேன். கார்டு வந்தது, கேம் ஒன்றும் ஓடவில்லை, ரெண்டரிங்கும் இல்லை. நம்பரைத் தடுத்துவிட்டார். பில் இல்லை. என்ன செய்யலாம்?
– எம்., கண்டி

முகம் தெரியாது, பில் கிடையாது, முழுக்காசும் முன்பணம். சரி, ஏமாற்றியவன் அவன், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பத்து ரூபா குறைக்கப் பத்து நிமிடம் மரக்கறிக் கடையில் பேரம் பேசுவீர்கள்தானே? பேங்க் சிட்டையையும் பேசிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். ஜீ.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். பழைய கார்டுக்குப் புதுப் பெயர் ஏற்றியிருந்தால் பெயருக்கு முன்னால் 'போலி' என்று ஆங்கிலத்தில் அதுவே காட்டும். அடுத்த முறை பழைய கார்டு வாங்கினால், நேரில் போய் இதை ஓட்டிக் காட்டச் சொல்லி, அரை மணி வேலை வாங்கிவிட்டுக் காசைக் கொடுங்கள். கிரிப்டோ நாணயம் வெட்டிக் களைத்த கார்டு வாங்கலாமா என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கும் இதே பதில்: 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதும் கிரிப்டோவுக்கு இராப்பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்குக் கொட்டின. எல்லாம் கெட்டவை இல்லை, ஆனால் ஓட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

அல்பம் டிசைனுக்கு வளைந்த 165 ஹெர்ட்ஸ் கேமிங் மொனிட்டர் நல்லதா?
– டி., டிக்கோயா

நான் வாங்கினேன், 27 அங்குலம். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் மணப்பெண்ணின் முகம் வேறு நிறம். லேபிலிருந்து வந்த முதல் அல்பத்தில் சொந்தக்காரர் எல்லோருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி ஒரு சிவப்பு. என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். பெனலும், எஸ்.ஆர்.ஜீ.பி. என்ற பொது நிறப்பரப்பு முழுவதும் உள்ள 60 ஹெர்ட்ஸ் தட்டை மொனிட்டரே போதும். என்னுடைய வளைந்ததில் இப்போது மகன் கேம் விளையாடுகிறான், அவனுக்குத் திருப்தி.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் பழகும் மகளுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?
– ஓர் ஆசிரியர், வெலிமடை

12 ஜீ.பி. உள்ள 3060 கிடைத்தால் அது. அதே பெயரில் 8 ஜீ.பி. ஒன்றும் உண்டு, மெமரி வழியும் ஒடுக்கம். பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

பம்பலப்பிட்டியில் பூட்டி வாங்கி, பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுவரலாமா?
– ஜே., பதுளை

கொண்டுவரலாம். கடையிலேயே ஓட்டிப் பார்த்தபின் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் போட்டுத் தனியாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டியபடி வந்தால், வளைவுக்கு வளைவு ஆடி மதர்போட்டின் வாயைக் கிழித்துவிடும். கேசிங்கைப் படுக்கையாக, மதர்போட் கீழே இருக்கும்படி வையுங்கள். டிக்கியில் போடாதீர்கள், மேலே யாராவது மரக்கறி மூட்டை ஏற்றுவார்கள்.