குதிகால் தூக்குகிறது, பெருவிரல் முட்டுகிறது: ஸ்கீ பூட்டை மாற்றணுமா?

பனிச்சறுக்கு (ஸ்கீ) பூட்டுக்குள் குதிகால் தூக்குகிறது, நிற்கும்போது பெருவிரல் முன்பக்கம் முட்டுகிறது, பெரிய பூட்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு அளவு பெரிய பூட்டுக்கு மாறாதீர்கள். விரல் முட்டுவது குறையலாம், ஆனால் குதிகால் இன்னும் அதிகமாகத் தூக்கும்; காஷ்மீரின் குல்மார்க் பனிச்சரிவில் ஸ்கீ நீங்கள் சொன்னபடி திரும்பாது.

நிற்கும்போது மட்டும்தான் முட்டுகிறது என்கிறீர்கள். அப்படியானால் உள்ளங்கால் வளைவு எடையில் தாழ்ந்து, பாதம் நீள்கிறது என்றே நினைக்கிறேன். பூட்டோடு வரும் மெல்லிய உள்தகடு அதைத் தாங்காது. வளைவைத் தாங்கும் கெட்டியான ஃபுட்பெட் (அந்தத் தகட்டுக்குப் பதிலாகப் பாதத்தின் கீழ் வைப்பது) போட்டால் குதிகாலும் இடத்தில் நிற்கும்.

வாங்கும் முன் வீட்டிலேயே பாருங்கள். உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு முறை பாதத்தின் நீளத்தை அளந்து பாருங்கள். நிற்கும்போது நன்றாகக் கூடினால் காரணம் அதுதான். நாகர்கோவில் வெயிலில் மாலைக்குள் கால் வீங்கிவிடும், அதனால் காலையில் அளப்பது நல்லது.

அப்புறம் லைனரை, அதாவது உள்ளே இருக்கும் மெத்தை உறையைக் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் வெளி ஓட்டுக்குள் காலை விட்டு விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அளவு சரி. அதைவிட அதிகம் என்றால் பூட்டே பெரிது, ஃபுட்பெட் காப்பாற்றாது.

பக்கிள் போட்டு முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். இரண்டு சாக்ஸ் வேண்டாம், மெல்லியது ஒன்று போதும். பூட்டின் பிளாஸ்டிக் ஓட்டை நீங்களே சூடாக்கி விரிக்க மட்டும் முயலாதீர்கள். சர்க்கரை நோயோ கால் மரப்போ இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.