மூன்றாவது பிள்ளையும் தொகுதிக் கணக்கும்

வணக்கம் அக்கா,

'நாம் இருவர், நமக்கு இருவர்' என்றார்கள். கேட்டு நடந்தோம். இப்போது மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரித்தால், அதனாலேயே தமிழ்நாட்டுக்குத் தொகுதி குறையும் என்கிறார்கள். சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஸ்டாலினே மேடையில் பேசினார். எனக்கு இரண்டு பெண்கள். மூன்றாவது பெற்றுக்கொள்ளலாமா? நாம் கட்டுப்பாடாக இருந்தது தப்பா?

ஒரு வாசகர், செம்பூர், மும்பை

அன்புள்ள தம்பி,

தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது 1976இன் 42வது சட்டத்திருத்தம். பிறகு அதை 2026 வரை நீட்டினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்பது நியாயமான பேச்சு. அதை நாடாளுமன்றத்தில் வாதாடி வாங்கட்டும். அதற்கு உங்கள் வீட்டில் ஏன் தொட்டில் கட்ட வேண்டும்?

ஆனால் 'கேட்டு நடந்தோம்' என்கிறீர்களே, யார் நடந்தது? எண்பதுகளில் இங்கே லேபர் கேம்ப் குடியிருப்பில் எங்கள் அத்தைக்கு இரண்டாவது பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷனும் செய்தார்கள். தாளில் கையெழுத்துப் போட்டது மாமா. அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல் ஆறும் முன்பே ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, மறு கையில் குடத்தோடு குழாயடி வரிசையில் நின்றாள். 'நீங்க பண்ணிக்கக் கூடாதா மாமா' என்று அம்மா கேட்டதற்கு, 'மூட்டை தூக்குற உடம்பு, பலம் போயிடும்' என்றார். பலம் எங்கேயும் போகாது, தம்பி. ஆணுக்குச் செய்வது விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிற சின்ன வேலை.

இதே மும்பையில் அறுபதுகளின் கடைசியில் ரயில் நிலையங்களிலேயே ஆண்களுக்குக் கருத்தடை முகாம் நடந்தது. ஆண்களும் போனார்கள். அதைக் கெடுத்தது எமர்ஜென்சி. 1976-77 ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன், அதில் எத்தனையோ பேரைப் பிடித்து இழுத்துப்போய்ச் செய்தது. தேர்தலில் அடி விழுந்தது. அதற்கப்புறம் ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் தைரியமில்லை. இலக்கு மட்டும் அப்படியே இருந்தது, பாரம் முழுக்கப் பெண்கள் மேல் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள்: கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, பத்துக்கும் மேற்பட்டவர்களைச் சாகடித்ததும் இந்த இலக்கு வெறிதான்.

1921இலேயே இந்த ஊரில் கருத்தடை மையம் திறந்தவர் ர. தோ. கார்வே. கணக்குப் பேராசிரியர். அதனால் வேலை போயிற்று, அவர் நடத்திய பத்திரிகைக்காக வழக்கு வந்தது. 1934இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். அங்கே தமிழ்நாட்டில் பெரியார், நாட்டின் வறுமைக்காக இல்லை, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். பெறுவதும் பெறாததும் அவள் முடிவு என்று இவர்கள் சொல்லி இத்தனை காலமாகியும், உங்கள் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லையே! படித்ததும் வருத்தமாக இருந்தது.

நல்ல பிள்ளை நீங்கள், அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன். இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போங்கள். கத்தியில்லா முறையில் அரை மணி நேரம்கூட ஆகாது, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும்வரை ஆணுறை வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா