மெர்க்குரஸ் வேறு, மெர்க்குரிக் வேறு

வணக்கம். மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரிக் குளோரைடு இரண்டையும் 'பாதரசக் குளோரைடு' என்றே மொழிபெயர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பாதரசத்தைப் பொறுத்தவரை, பெயர் 'அஸ்' என்று முடிந்தால் ஆக்சிஜனேற்ற நிலை (சேர்மத்தில் ஓர் அணு இழந்ததாகக் கணக்கிடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) +1, 'இக்' என்றால் +2. மெர்க்குரஸில் இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே அயனியாக நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. மெர்க்குரஸ் குளோரைடு, அதாவது கலோமெல், நீரில் கரைவதே இல்லை எனலாம். அம்மோனியாக் கரைசல் விட்டால் அந்த வெள்ளைப் பொடி கறுத்துவிடும். மெர்க்குரிக் குளோரைடோ நீரில் கரையும், கொடிய நஞ்சு. பெயரைக் குழப்பினால் படிப்பவருக்கு ஆபத்து.

பாதரசம் என்பதற்குப் பின் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு போடுங்கள். இன்றைய பெயரிடும் முறையும் அதுதான். பழைய பெயரை முதல் முறை வரும்போது மட்டும் கூடவே கொடுத்தால் போதும்.