நான்கு நண்பர்கள், ஐந்து நாள், ஆளுக்கு 40,000 ரூபாய்: வெளிநாடு போய் வர முடியுமா?

திருச்சிப் பக்கம் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள், ஐந்து நாள் லீவு, ஆளுக்கு 40,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, எந்த நாடு, எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். திருச்சியில் இருந்து கிளம்புகிறீர்கள் என்றால் மலேசியா போங்கள். ஆனால் நாட்டைப் பற்றிப் பேசும் முன் நீங்கள் நால்வரும் பேசி முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் பேசாததால்தான் இப்படிப்பட்ட பயணங்களில் பாதி, வாட்ஸ்அப் குழுவிலேயே படுத்துவிடுகின்றன.

அந்த 40,000 என்ற தொகையை யார் சொன்னது? பொதுவாக, குழுவில் நன்றாகச் சம்பாதிக்கும் ஒருவர் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்வார். மற்றவர்கள் "சரிடா" என்பார்கள். அந்தச் "சரிடா"வில் ஒன்று உண்மையாக இருக்காது. எங்கள் செட்டில் ஒருவன் கடைசி நேரத்தில் "லீவு கிடைக்கலடா, நீங்க போயிட்டு வாங்க" என்றான். லீவு கிடைத்திருந்தது. தங்கை கல்யாணக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. அதை எங்களிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் ஒரே தட்டில் சாப்பிட்டவன், பணம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒதுங்கினான் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கடன் வாங்காமல், கிரெடிட் கார்டில் இஎம்ஐ போடாமல் தன்னால் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதை ஒவ்வொருவரும் ஒரே ஒரு நபருக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டும். வந்தவற்றில் எது குறைவோ அதுதான் எல்லோருக்கும் பட்ஜெட். அது யாருடைய தொகை என்பதை அந்த நபர் வாய் திறந்து சொல்லக் கூடாது. 28,000 என்று வந்தால் 28,000-க்குள் எங்கே போக முடியுமோ அங்கே போங்கள், இல்லையென்றால் நான்கு மாதம் தள்ளிப் போடுங்கள். அதிகம் வைத்திருப்பவர் அங்கே போய்த் தன் காசில் ஷாப்பிங் செய்துகொள்ளட்டும். ரூம், சாப்பாடு, வண்டி இவை மட்டும் குறைந்த தொகைக்குள் அடங்கினால் போதும்.

அடுத்து, பணம் கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். மலிவு விமானங்களில் டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் சில வரிகளைத் தவிர எதுவும் திரும்பாது, ஒருவர் பெயரில் போட்டதை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. விமானத்துக்கும் ரூமுக்கும் ஆகும் தொகையை நால்வரும் ஒரே கணக்குக்கு அனுப்பிய நாளில் டிக்கெட் போடுங்கள். யாருக்காகவும் யாரும் முன்பணம் கட்ட வேண்டாம். நட்பில் கசப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி ஏன் மலேசியா? இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை என்று அந்த நாடு அறிவித்தது, பிறகு அதை 2026 இறுதி வரை நீட்டித்தது. டிக்கெட் போடும் முன் இது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசா கட்டணம் இல்லை என்பதே நால்வருக்கும் சேர்த்துப் பெரிய மிச்சம். திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், சுமார் நான்கு மணி நேரம். சென்னைக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து ஏற வேண்டிய வேலையும் இல்லை.

விசா இல்லை என்பதால் கையை வீசிக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டாக் என்ற டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது இலவசம். தேடினால் அதே போலத் தோற்றமளிக்கும் தளங்கள் பணம் கேட்கும், அங்கே போகாதீர்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, இந்த மூன்றையும் பேப்பரில் அச்செடுத்து ஒவ்வொருவரும் தனித்தனியாக வைத்திருங்கள். கவுண்டரில் அதிகாரி ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார், "என் ஃபிரெண்டு போன்ல இருக்கு சார்" என்பது அங்கே செல்லாது. பதில் திருப்தியாக இல்லையென்றால் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. எங்கே தங்குகிறோம், எத்தனை நாள், என்ன பார்க்கப் போகிறோம் என்பதை நால்வரும் ஒரே மாதிரிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம், கடைசிப் பக்கத்தில் ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவை என்ற குறிப்பு) என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குப் போக முன் அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் ஈசிஆர் பாஸ்போர்ட்டுடன் போகும் இளைஞர்களைத் திருச்சி விமான நிலையத்திலேயே கூடுதலாகக் கேள்வி கேட்கலாம், நம் மாவட்டங்களில் இருந்து எத்தனை பேர் ஏஜென்ட்டை நம்பி விசிட்டில் போய் மாட்டிக்கொண்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது சான்றிதழைக் கொடுத்து அதை நீக்கிக்கொள்ளுங்கள்.

விமானக் கட்டணத்துக்கு ஆளுக்குப் போக வர 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்னால், வார நடுவில் கிளம்பி வார நடுவில் திரும்பும்படி தேடினால் இதற்குள் அமையும். பொங்கல், மே மாதம், தீபாவளி என்றால் அமையாது. சீட் தேர்வு, சாப்பாடு என்று வரிசையாகக் கேட்கும், எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏர்ஏசியா விமானத்தில் கையில் எடுத்துப் போகும் பை ஆளுக்கு மொத்தம் 7 கிலோ. ஐந்து நாளுக்கு அது போதும். திரும்பும்போது சாக்லேட், தைலம் என்று கூடும் என்று தெரிந்தால், திரும்பும் பயணத்துக்கு மட்டும் நால்வருக்கும் பொதுவாக ஒரு 20 கிலோ லக்கேஜை ஆன்லைனிலேயே வாங்கிவிடுங்கள். விமான நிலையக் கவுண்டரில் வாங்கினால் விலை பல மடங்கு.

ஐந்து நாளில் இரண்டு ஊருக்கு மேல் வேண்டாம். லங்காவி, ஜென்டிங், மலாக்கா எல்லாம் பட்டியலில் சேர்ப்பவர்கள் பஸ்ஸைத்தான் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் பரிந்துரைப்பது பினாங்கும் கோலாலம்பூரும். தூரத்து ஊரை முதலில் முடியுங்கள். இறங்கிய அன்றே கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இருந்து இடிஎஸ் என்ற விரைவு ரயிலில் பட்டர்வொர்த், சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து படகில் பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுன். பஸ் இதைவிட மலிவு, ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. பினாங்கில் இரண்டு இரவு, பிறகு கோலாலம்பூர் திரும்பி இரண்டு இரவு. கடைசி இரவு விமான நிலையம் இருக்கும் பக்கமே இருந்தால் பஸ் தாமதமாகி விமானத்தை விட்டுவிடுவோமோ என்ற பயம் இருக்காது.

ஜார்ஜ் டவுனில் செலவே இல்லாமல் ஒரு முழு நாள் ஓடும். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. கேப்டன் கெலிங் பள்ளிவாசல், 1833-ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், சீனர்களின் கருணைத் தேவி கோயில், 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் நடந்தே போகும் தூரத்தில். அந்தப் பள்ளிவாசலோடு நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கதை பின்னியிருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த நாசி கண்டார்தான் இன்று அந்த ஊரின் அடையாளம். சோறு, இரண்டு குழம்பு கலந்து ஊற்றி, ஒரு துண்டுக் கோழி, கொஞ்சம் வெண்டைக்காய் என்றால் 10 முதல் 15 ரிங்கிட் (மலேசியப் பணம்). இறால், பெரிய மீன், கணவாய் என்று கை காட்டினால் பில் தாவிவிடும், எடுக்கும் முன் விலை கேளுங்கள். ஆர்மேனியன் தெருச் சுவரோவியங்கள், கடலோர மரவீட்டுக் குடியிருப்புகள், மாலையில் குர்னி டிரைவ், எதற்கும் டிக்கெட் இல்லை. காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமானால் பினாங்கு மலை ரயில் ஒன்று போதும்.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்குங்கள். கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து போகலாம், எல்லா ரயிலும் விமான நிலையப் பஸ்ஸும் அங்கிருந்துதான். காலையில் வாழை இலையும் தோசையும் கிடைக்கும். விமான நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 55 ரிங்கிட், பஸ் அதில் நான்கில் ஒரு பங்கு விலைதான். நால்வர் என்றால், நம் ஊர் ஓலா போலச் செயலியில் கூப்பிடும் கிராப் காரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செயலியை ஊரிலேயே உங்கள் எண்ணில் பதிவு செய்துகொண்டு போங்கள், அங்கே இறங்கிய பிறகு ஓடிபி வரவில்லை என்று திணற வேண்டாம். நகரப் பேருந்துகளில் காசு வாங்க மாட்டார்கள், டச் என் கோ என்ற, முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் அட்டை வேண்டும்.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலில் இருந்தே கம்யூட்டர் ரயில் போகிறது, கட்டணம் மூன்று ரிங்கிட் அளவில். விடியற்காலையில் போங்கள். 272 படி, 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட்டால் கூட்டமும் குறைவு. முட்டி தெரியும் கால்சட்டை வேண்டாம். தைப்பூசத்தில் அங்கே லட்சக்கணக்கில் கூடுவார்கள். பக்திக்காகப் போவதென்றால் அதைவிடச் சிறந்த நாள் இல்லை, ஊர் சுற்ற என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏற வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். இரவில் கீழே பூங்காவில் உட்கார்ந்து பார்த்தாலே கண் நிறையும், நீரூற்று நடனமும் இலவசம்.

ரூம் விஷயத்தில் ஒரு நுணுக்கம். 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டவரிடம் ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். ஆன்லைனில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, சாவி வாங்கும்போது கேட்பார்கள். வரி ஆளுக்கு இல்லை, ரூமுக்கு. நால்வர் படுக்கும் ஒரே ரூம் எடுத்தால் வரியும் பாதி, வாடகையும் குறைவு. 160 முதல் 200 ரிங்கிட்டுக்குள் சுத்தமான ரூம் கிடைக்கும்.

ரிங்கிட்டுக்கு 22 ரூபாய் என்று போட்டு ஒரு ஆளுக்குக் கணக்குப் பார்ப்போம். விமானம் 15,000. நான்கு இரவு தங்க 200 ரிங்கிட், அதாவது 4,400. சாப்பாடு நாளுக்கு 50 ரிங்கிட் வீதம் 5,500. பஸ், ரயில், படகு, கிராப் பங்கு எல்லாம் 220 ரிங்கிட், 4,840. நுழைவுக் கட்டணங்கள் 100 ரிங்கிட், 2,200. சிம் 660. பயணக் காப்பீடு சுமார் 500, அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், அந்நிய நாட்டில் ஒரு கை முறிந்தால் நால்வரின் பட்ஜெட்டும் சேர்ந்தாலும் போதாது. மொத்தம் 33,100. மீதி 6,900-ஐ எதற்கும் ஒதுக்காமல் அப்படியே விடுங்கள்.

டூர் பேக்கேஜ் எடுக்கலாமா என்று யோசித்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு பேக்கேஜ் விலையோடு டிசிஎஸ் என்று, விற்பவர் வருமான வரிக்காக முன்கூட்டியே வசூலிக்கும் ஒரு தொகையும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடு செய்துகொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை உங்கள் காசு முடங்கும். இந்தப் பயணத்துக்கு பேக்கேஜே வேண்டாம் என்பேன்.

கொஞ்சம் ரிங்கிட்டை ஊரில் உரிமம் உள்ள இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், விமான நிலையக் கவுண்டரில் வேண்டாம். சாதாரண கிரெடிட் கார்டு பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று மெஷின் கேட்டால் எப்போதும் ரிங்கிட்டையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு.

அங்கே போன பிறகு தினமும் காலையில் ஆளுக்கு 60 ரிங்கிட் எடுத்து ஒரே பையில் போடுங்கள். பொதுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். டீக்கு யார் கொடுத்தது, தண்ணீர்ப் பாட்டில் யார் வாங்கியது என்ற பேச்சே எழாது. பையை ஒவ்வொரு நாளும் ஒருவர் வைத்திருக்கட்டும். ஒரு மதியத்தையாவது அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். ஒருவருக்கு மியூசியம், ஒருவருக்குத் தூக்கம், ஒருவருக்குக் கடைவீதி.

இன்றே செய்ய வேண்டியது: நால்வரும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஒருவருடையது முடியப்போகிறது என்றால் புது பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை டிக்கெட் தேடவே வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால், யாருக்குத் தொகையை மெசேஜ் செய்வது என்று முடிவு செய்யுங்கள். உங்களில் ரகசியம் காப்பவர் யாரோ அவர்.