டை போட்டா முகம் வீங்குது, சாப்பாட்டையும் நிறுத்தணுமா டாக்டர்?

கேள்வி: வயசு 41. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கல்யாண வீட்ல கருப்பு மெஹந்தி கோன் போட்டேன், போட்ட டிசைன் அப்படியே கொப்புளமா வந்துச்சு. போன மாசம் ஹேர் டை போட்டேன், ரெண்டாம் நாள் காலைல கண்ணைத் திறக்கவே முடியல. கெமிக்கலே ஒத்துக்கலன்னு பயந்து கேசரி பவுடர், அஜினமோட்டோ, சோப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். 200 சாப்பாட்டுக்கு ஒரே ரத்தத்துல டெஸ்ட் எடுக்கலாம்னு சொல்றாங்க, எடுக்கட்டுமா?

பதில்: வேணாம்மா, அந்தக் காசை வேற நல்ல செலவுக்கு வச்சுக்கோங்க. அந்த மாதிரி டெஸ்ட்ல பெரும்பாலும் ரத்தத்துல இருக்கிற ஐஜிஜின்னு ஒரு எதிர்ப்புப் புரதத்தைத்தான் பாக்குறாங்க, அது நீங்க அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கீங்கன்னு காட்டும், அவ்ளோதான், அதை வச்சு அலர்ஜின்னு சொல்ல முடியாது.

நீங்க எழுதினதை வச்சு எனக்கு சந்தேகம் பிபிடி மேல தான், பாராஃபினைலீன்டையமின்னு முழுப்பேரு, ஹேர் டைல கருப்பு ஏறப் போடுற கெமிக்கல். நிஜ மருதாணி ஆரஞ்சா சிவப்பா தான் பிடிக்கும், அதுவும் மணிக்கணக்கா வச்சிருக்கணும், அரைமணில கன்னங்கரேல்னு ஏறுதுன்னா அதுல இந்த பிபிடியைக் கலந்திருப்பாங்க. அன்னைக்கு கையில பட்டதை உடம்பு ஞாபகம் வச்சுக்கிட்டு, டைல அதே சரக்கு திரும்ப வந்ததும் பாய்ஞ்சிருக்கு. உடனே வராம ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வர்றது தான் இந்த அலர்ஜியோட அடையாளம். தலையில போட்டாலும் வீக்கம் கண்ணுக்கு இறங்கும், ஏன்னா இமைத் தோல் ரொம்ப மெலிசு; காதுக்குப் பின்னாடி நீர் வடிஞ்சிருக்குமே, பாத்தீங்களா?

சாப்பாட்டுக் கலரால வர்றது வேற மாதிரி. நிமிஷத்துலயோ சில மணி நேரத்துலயோ தடிப்பு தடிப்பா எழும்பி ஒரு நாளுக்குள்ள அடங்கிடும். உங்களுக்கு அப்படி எதுவும் வந்ததா எழுதல, அதனால கேசரியை நிம்மதியா சாப்பிடுங்க. வீட்ல ஆஸ்துமாக்காரங்க இருந்தா மட்டும் உலர்பழ பாக்கெட்ல 220ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது சல்ஃபர் டை ஆக்சைடு, சிலருக்கு இழுப்பைக் கிளப்பும்.

ஒரு தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் எடுங்க. சந்தேகப்படுற பொருளைக் கொஞ்சமா முதுகுல ஒட்டி ரெண்டு நாள் நனையாம வச்சிருப்பாங்க, பிரிச்சதும் ஒரு தடவை பாத்துட்டு நாலாம் நாள் வாக்குல திரும்பவும் பாப்பாங்க. போறப்போ அந்த டை பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போங்க. பிபிடின்னு உறுதியாச்சுன்னா அது ஆயுசுக்கும் தான், அம்மோனியா இல்லாத டை, கருப்பு ஹென்னா பொடின்னு கடைல எடுத்து நீட்டுவாங்க, அதுலயும் பிபிடி இருக்கலாம், ஏமாந்துடாதீங்க. பென்சோகெய்ன் கலந்த மரத்துப்போற ஆயின்மென்ட்டும் சிலருக்கு இதோட சேர்ந்து ஒத்துக்காது, பல் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. எப்பவாவது உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டுச்சுன்னா எனக்கு எழுதிட்டு உக்காராதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.